நாலாவது விதியும் பிரஷ் சாரின் அக்காவும்

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பிரஷ் சார். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். பதவி வீட்டு ஆய்வாளர். ஆறு வருஷம் அவருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து உரிமம் தட்டச்சு செய்தவள் நான். அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. அவர் மனைவியைக் கேட்கலாம்தான், ஆனால் அந்த அம்மா ரொம்ப நல்லவர், குறை சொல்ல வராது.

எங்கள் ஊரில் ஒரு ஏரி இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்க்க வருவார்கள், இரண்டு நாள் தங்குவார்கள், போவார்கள். நாள் வாடகைக்கு வீடு விடுவது லாபம் என்று தெரிந்ததும் ஊரே அதில் இறங்கிவிட்டது. மாற்றலாகி வந்த டீச்சருக்குக் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ்கள் பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போனார்கள். அதனால் நகராட்சி ஏழு விதிகள் போட்டது. வாசலில் போன் நம்பர் எழுதிய பலகை வேண்டும், பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதெல்லாம் யாரையும் உறுத்தவில்லை. நாலாவதுதான் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல்: வாடகைக்கு விடுகிறவர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், அவர் படுக்கும் அறைக்குத் திறக்கிற ஜன்னல் இருக்க வேண்டும்.

ஜன்னல் எதற்கு என்றால், சாமான் போட்டு வைக்கும் பொந்தில் ஒரு கட்டிலைப் போட்டுவிட்டு "இதுதாங்க என் ரூம்" என்று சாதித்த மகானுபாவர்கள் இருந்தார்கள். அதற்குத்தான்.

சொந்தக்காரர் நிஜமாகவே அங்கே குடியிருக்கிறாரா என்று கண்டுபிடிப்பது சாரின் வேலை. சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பார். நேரே குளியலறைக்குப் போய்ப் பல் துலக்கும் பிரஷைத் தொட்டுப் பார்ப்பார். காய்ந்திருந்தால் தீர்ந்தது கதை. பெயர் அப்படித்தான் வந்தது. இது ஊருக்குத் தெரிந்ததும், அவர் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்கு வீடு பிரஷை நனைக்க ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டில் அவசரத்தில் புது பிரஷை அட்டையோடு நனைத்து வைத்திருந்தார்கள். பிறகு அவர் குப்பைக் கூடையைக் கிளறினார், மாத்திரை அட்டையில் எத்தனை தீர்ந்திருக்கிறது என்று பார்த்தார், சோப்பு தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். சொந்த மச்சினனின் உரிமத்தையே ரத்து செய்த மனுஷர். அதற்குப் பிறகு மாமியார் வீட்டில் இவருக்குத் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டிய நிலை.

"ஆபீஸ்கிட்டதான்ம்மா ஜனங்க பொய் சொல்வாங்க. வீட்ல போய்க் கேளு, உண்மை வரும்" என்பார். அந்த நம்பிக்கையில்தான் அவர் மூக்கு உடைந்தது.

ஒரு திங்கட்கிழமை நான் நீட்டிய விண்ணப்பத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அவருடைய அக்கா போட்டிருந்த மனு. சார் வீட்டிலிருந்து பார்த்தால் ஏரியின் எதிர்க்கரையில் அக்காவுக்கு மாடி வீடு. கணவர் பெயரில் இருந்த உரிமத்தின் கெடு முடிவதால், அதே மூன்று அறைகளை வாடகைக்கு விடத் தன் பெயரில் உரிமம் கேட்டிருந்தார். 'வருஷம் முழுவதும் இவ்வீட்டிலேயே வசிக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

"இவ இங்க எங்க இருக்கா? மாமா தவறுன கையோட மகன் வீட்டுக்குப் போயிட்டா. ஒன்றரை வருஷம் ஆச்சு. ராணி மாதிரி வச்சிருக்கான்னு வாரா வாரம் போன்ல சொல்றா. படுக்கை விரிப்பு மாத்தத்தான் இங்க வருவா."

"தெருவுல பாப்பீங்களே சார்?"

"பாப்பேன். எப்பவும் தோள்ல பெரிய பை. இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்குனேன்னு சொல்லுவா, இல்ல கிளம்பிட்டேன்னு சொல்லுவா."

மச்சினன் விவகாரத்துக்குப் பிறகு வந்த உத்தரவுப்படி, உறவுக்காரர்கள் வீட்டு ஆய்வில் அவர் கையெழுத்துப் போடக் கூடாது. ஆபீஸில் வேறு ஆள் இல்லாததால் நான் போக வேண்டும். உரிமம் கிடைக்காவிட்டால் அக்காவுக்கு வேறு வருமானம் கிடையாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ராத்திரியெல்லாம் யோசித்திருப்பார் போல. காலையில் கண் சிவந்து வந்து, "கையெழுத்து நீ போடு. நான் கூட வரேன். பொய்ய அவ என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்" என்றார்.

அக்கா கதவைத் திறந்தார். தம்பியைப் பார்த்ததும் ஒரு கணம் திணறியது எனக்குத் தெரிந்தது. மூன்று அறைகளும் விருந்தாளிகளுக்காகப் பளபளவென்று இருந்தன.

"நீ எங்க படுக்கற?" என்று கேட்டார் சார்.

"ஹால்ல."

ஹாலில் ஒரு தலையணை இல்லை, செருப்பு இல்லை, கண்ணாடிக் கூடு இல்லை. சார் என்னைப் பார்த்தார். 'பார்த்தாயா' என்கிற பார்வை, ஆனால் அதில் ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை.

படிவத்தில் எல்லாக் கதவையும் திறந்து அளவு எடுக்கச் சொல்லியிருக்கிறது. படிக்கட்டுக்குக் கீழே ஒரு குட்டைக் கதவு இருந்தது. நான் அதில் கை வைத்ததும் அக்கா, "அது சாமான் ரூம்மா, ஒண்ணுமில்ல" என்று ஓடி வந்தார். அதற்குள் திறந்துவிட்டேன்.

ஆளை நீட்டிப் படுக்கவைத்தால் கதவு இடிக்கும், அவ்வளவுதான் இடம். ஜன்னல் கிடையாது. ஒரு மெத்தை. தலைமாட்டில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, மூக்குக் கண்ணாடி, காகிதமாய்த் தேய்ந்த சோப்பு. ஒரு டம்ளரில் பிரஷ். சார் குனிந்து உள்ளே போனார். பிரஷைத் தொடவில்லை. சுவரில் தலை சாய்க்கிற இடத்தில் படிந்திருந்த எண்ணெய்க் கறையைத்தான் விரலால் தடவிப் பார்த்தார்.

"இது ஒரு வருஷத்துக்கு மேல ஆகாம வராது" என்றார். பிறகு அந்த மெத்தையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு மாசம்தான்டா இருந்தேன் அங்க" என்றார் அக்கா. "அவங்களுக்கே எடம் பத்தல. ஹால்ல படுத்தா, நான் எந்திரிக்கற வரைக்கும் பேரப்பசங்க டிவி போட முடியல. மருமக ஒரு வார்த்தை சொல்லல. அதான் எனக்குத் தாங்கல. திரும்பி வந்துட்டேன்."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா உன் வீட்டுக்கு வரச் சொல்லுவ. அங்கயும் ஹால்தானே?"

ஊரெல்லாம் ஆபீசிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்க, இந்த அம்மா ஆபீசிடம் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டுத் தம்பியிடம் பொய் சொல்லியிருக்கிறார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஹால்ல படுக்கறேன்னு எழுதிடும்மா. ஹாலுக்கு ஜன்னல் இருக்கு."

எழுதியிருப்பேன். சத்தியமாக எழுதியிருப்பேன். பேனாவைத் திறந்தும்விட்டேன்.

"இருக்கறத எழுது" என்றார் சார். எழுந்து, மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறினார். ஏரியைப் பார்த்த பெரிய அறை. விருந்தாளிகள் முன்கூட்டியே கேட்டு அடித்துக்கொள்கிற அறை. மெத்தையை அங்கே தொப்பென்று போட்டார். "இது உன் ரூம். மிச்சம் ரெண்டுக்கு லைசென்ஸ் வாங்கிக்க."

"அந்த ரூம்தான்டா எனக்குச் சோறு போடுது!"

"நாலாவது விதி."

"விதியாம் விதி! நீ இனிமே என் வாசல மிதிக்காத!"

இரண்டு அறைகளுக்கு உரிமம் தட்டச்சு செய்து நானே அனுப்பினேன். கீழறைகளில் ஒன்றை, குடியிருக்க வீடு கிடைக்காத டீச்சருக்குத் தொடர்ந்து மூன்று மாதத்துக்கு விடலாம், அதற்கு விதி தடையில்லை என்று சார் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்த உறைக்குள் வைத்திருந்தார். அக்கா அப்படியே செய்தார், ஆனால் பதில் எழுதவில்லை. வாராவாரம் வந்த போனும் நின்றுபோனது.

முப்பது நாள் கழித்து மறு ஆய்வு. சார் வாசல்வரை வந்து வெயிலில் நின்றுகொண்டார். நான் மட்டும் மாடிக்குப் போனேன். அக்கா அங்கேதான் இருந்தார். அலமாரியில் அவர் துணிகள், கட்டிலில் கசங்கிய போர்வை. படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன்.

"தூக்கம் வருதா?" என்று கேட்டேன்.

"வருது" என்றார். பிறகு ஜன்னலைக் காட்டினார். "நேரா எதிர்க்கரையில பச்சைக் கதவு தெரியுதா? அவன் வீடு. போன வருஷம் பூரா இந்த ரூமைக் கூட்டும்போதுகூடத் திரைய இழுத்து மூடிட்டுத்தான் கூட்டுவேன். மகன் வீட்லேர்ந்து பேசறேன்னு சொல்லிட்டு அந்தக் கதவப் பாக்க முடியல எனக்கு. அவன்கிட்ட சொல்லாத."

படிவத்தில் இதை எழுத இடமில்லை. வாசலுக்கு வந்ததும் முதல் வேலையாக அவரிடம் சொல்லிவிட்டேன்.

சார் மேலே ஜன்னலைப் பார்த்தார். திரை விலகித்தான் இருந்தது.

"கையெழுத்துப் போட்டாச்சா?" என்றார்.

"போட்டாச்சு சார்."

"அப்ப ஆபீஸ் வேலை முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "அக்கா!" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனார்.