புளிக்காத மாவும் பெரியத்தான் வைத்த கெடுவும்

மாவுக்கடைக்காரியின் தலையெழுத்தை எழுதுவது பிரம்மன் இல்லை, உளுந்து. அரைத்து விற்கிற எல்லாருக்கும் இது தெரியும். தெரியாதவர்கள் ஒரு மார்கழியில் கொல்கத்தாவுக்கு வந்து இட்லி மாவைப் புளிக்க வைத்துப் பாருங்கள், அப்புறம் என்னோடு சேர்ந்து அழலாம். எனக்கு ஐந்து வயதில் ஒரு மகள், பத்தாவது வரை ஊர்ப் பள்ளிக்கூடப் படிப்பு. டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் என் வீட்டுக்காரர் மாவுக்கடை நடத்தினார். அவர் அரைப்பார், நான் வீட்டைப் பார்ப்பேன். போன ஆடியில் நெஞ்சுவலி வந்து அவர் போனபிறகு, கிரைண்டரின் சுவிட்ச் எந்தப் பக்கம் என்பதிலிருந்து நான் படிக்க வேண்டியிருந்தது.

கெடு

காரியம் முடிந்ததும் பெரியத்தான் பெஹாலாவிலிருந்து வந்தார். என் வீட்டுக்காரரின் அண்ணன். அங்கே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை, பாப்பாவுக்குப் புதுப் பள்ளிக்கூடப் பை வாங்கி வந்திருந்தார். “கடையை மூடிட்டு எங்க அடுப்படிக்கு வந்துடு செல்வி, உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டோம்” என்றார். அது நிஜம்தான். ஆனால் காலம் பூராவும் அடுத்தவர் அடுப்படியில், அவர்கள் சொல்கிற நேரத்தில், அவர்கள் சொல்கிற காயை நறுக்கிக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்கு மூச்சு முட்டியது.

“நானே நடத்துறேன் பெரியத்தான்” என்றேன். மாமனார் காலத்துக் கடை, மூத்த பிள்ளை பெரியத்தான் சொன்னால்தான் சொன்னது. சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வெயில்ல யார் அரைச்சாலும் மாவு பொங்கும்மா. மார்கழியைத் தாண்டிக் காட்டு. வாடிக்கை போச்சுன்னா தை பிறக்கிற அன்னிக்கு நானே வந்து பூட்டிடுவேன்.”

வந்தால் சொல்லுங்கள்

ஷட்டரைத் தூக்கிய முதல் நாள், ஸ்கூட்டரை அணைக்காமலே ஒரு பெங்காலிக்காரர், “பௌதி, தாதா இல்லையா?” என்று கேட்டார். இங்கே எல்லாருக்கும் என் வீட்டுக்காரர் தாதா, அதாவது அண்ணன்; நான் பௌதி, அண்ணி. எட்டு வருஷமாக மீன்காரியிடம் பேரம் பேசி நான் கற்ற வங்க மொழியில் இந்தச் சேதியைச் சொல்ல வார்த்தை இல்லை. பின்னால் ஆட்கள் வேறு நிற்கிறார்கள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

வெளியே போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மாவை வாங்கி ஸ்கூட்டரில் மாட்டினார். வண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: “வந்தா சொல்லுங்க, எனக்கு எப்பவும் அடியில நிக்கிற கெட்டி மாவுதான் வேணும்னு. அவருக்குத் தெரியும்.”

கேரம் காய்

மார்கழி பிறந்தது, மாவு படுத்தது. வெந்தயத்தைக் கூட்டினேன். வெந்நீர் விட்டு அரைத்தேன். டிரம்முக்குக் கம்பளி போர்த்திப் பாப்பாவுக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்தேன். பாப்பா நன்றாகத் தூங்கினாள், மாவும் நன்றாகத் தூங்கியது. ஒரே வாரத்தில் எட்டு வீட்டு வாடிக்கை நின்றுபோனது. ஒவ்வொரு வீடு நிற்கும்போதும் எனக்குப் பெரியத்தானின் பூட்டுச் சத்தம் காதில் கேட்டது.

பாலிகஞ்சிலிருந்து வருகிற மாஷிமா ஒருவர், அவர் வயதுக்கு எல்லாருக்கும் மாஷிமாதான், அதாவது பெரியம்மா; நான் அவருக்கு பௌமா, மருமகள். இட்லி இல்லாமல் அவருக்குக் காலைப் பொழுது விடியாது. அன்று அவர் மாவு கேட்கவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார்: “நேத்து உன் மாவுல பன்னிரண்டு இட்லி ஊத்தினேன் பௌமா. எங்க தெரு க்ளப்புல கேரம் காய் குறையுதாம், கொடுத்தனுப்பிடட்டுமா?”

தயிர் அறை

மறுநாள் பக்கத்து மிட்டாய்க்கடை நோனி தாதா வாசலில் வந்து நின்றார். இவரும் மாவைக் குறை சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். “இந்த வருஷம் உங்க டிரம் ஏன் இன்னும் வரலை?” என்றார். எனக்குப் புரியவில்லை. கையைப் பிடிக்காத குறையாக அவர் கடைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். தயிருக்கு உறை ஊற்றி வைக்கிற அறை. மூலையில் கரியடுப்பு கணகணவென்றிருந்தது. மண்சட்டிகள் சாக்குப் போர்த்தி வரிசையாகக் குந்தியிருந்தன. வெளியே பல் கிட்டுகிற குளிர், உள்ளே சித்திரை மாதம்.

குளிர் வந்தால் என் வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் டிரம்மைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் வருவாராம். மாவு எங்கே புளிக்கிறது என்று நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. சாயங்காலம் டீ குடித்து அரட்டையடிக்கப் போகிறார் என்று எத்தனை நாள் சண்டை போட்டிருப்பேன்! நான் அங்கேயே நின்று மூக்கை உறிஞ்ச, நோனி தாதாவுக்கு ஒரே ஆச்சரியம்: “இதை உங்ககிட்டச் சொல்லவேயில்லையா? என்கிட்ட வாயே மூட மாட்டாரே!”

மேல் தட்டு, கீழ் தட்டு

வழி கிடைத்த சந்தோஷத்தில் புத்தி போய்விட்டது. வீட்டில் குளிருக்கு ஊற்றுகிற மாதிரியே டிரம்மின் கழுத்துவரை மாவை ஊற்றி, அந்த அறையின் மேல் தட்டில் வைத்துவிட்டு வந்தேன். விடிந்ததும் போய்ப் பார்த்தால் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு இறங்கி, கீழ்த் தட்டிலிருந்த தயிர்ச் சட்டிகளின் மேல் வெள்ளையடித்திருக்கிறது. குளிர்காலத்துப் புதுப் பேரீச்ச வெல்லம் போட்ட இனிப்புத் தயிர். ஒரு பிக்னிக் கோஷ்டிக்கான ஆர்டர், பஸ் வந்து நிற்கிற நேரம். பன்னிரண்டு சட்டி பாழ்.

நோனி தாதா பாழான சட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணி வெளியே எடுத்து வைத்தார். அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. இந்த அறைக் கதவு சாத்தப்பட்டால் என் ஷட்டரும் சாத்தப்பட்ட மாதிரிதான். ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்து, டிரம்மில் மிச்சமிருந்த மாவில் ஈடு ஈடாக இட்லி எடுத்து, பொடியும் எண்ணெயும் குழைத்து, பஸ் கிளம்புவதற்குள் தயிருக்குப் பதிலாக ஏற்றினேன். பஸ்காரர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். நான் ஈரத்துணியோடு தட்டைத் துடைக்கப் போனபோது நோனி தாதா துணியைப் பிடுங்கிக்கொண்டார்: “இனிமே என் சட்டி மேல் தட்டு, உங்க டிரம் கீழ் தட்டு. அவ்வளவுதான். துடைச்சது போதும், கடையைத் திறங்க.”

தை பிறந்த அன்று

அதற்கப்புறம் மாவு தினமும் பூப்போலப் பொங்கியது. நின்ற எட்டில் ஐந்து வீடு திரும்பியது. மூன்று வரவில்லை. அந்த மூன்றைத்தான் பெரியத்தான் கேட்பார் என்று எனக்குத் தெரியும். பொங்கலன்று ஏழு மணிக்கு வந்தார், கையில் புதுப் பூட்டு.

அவர் பின்னாலேயே ஒரு பெங்காலிப் பெண்கள் கூட்டம், முன்னால் மாஷிமா. அவர்களுக்கும் அன்று சங்கராந்தி, வீட்டுக்கு வீடு பிட்டே என்கிற அரிசிமாவுப் பலகாரம் சுடுகிற நாள். நான் பெருமையாக டிரம்மைத் திறந்து காட்டினேன். மாஷிமா முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். அவர்கள் மாவுக்கு வந்தது சொரு சாக்லி சுட; மெல்லிசாகச் சுடுகிற அது நம் தோசைக்குத் தங்கைதான். அரிசியும் உளுந்தும்தான் அதற்கும். ஆனால் துளிக்கூடப் புளிக்கக் கூடாதாம்! பெரியத்தான் பூட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

நாளைய மாவுக்கு ஊறப்போட்டிருந்த அரிசியும் உளுந்தும் நினைவுக்கு வந்தன. எடுத்துக் கொட்டிக் கிரைண்டரைப் போட்டேன். அரைக்க அரைக்க வரிசை ஸ்டேஷன் முனை வரை போனது. அளக்கிறேன், கட்டுகிறேன், ரெண்டு கை போதவில்லை. எப்போது என்று தெரியாது, பெரியத்தான் பூட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுக் கவரை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்று வீட்டைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவர் கட்டிய கவர் ஒன்று ஒழுக, மாஷிமா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தாதா, கடைக்குப் புதுசா? அவசரப்படாம பௌமாகிட்டப் பார்த்துக் கத்துக்குங்க.”

ஆக, மாவுக்கடை என்பது ஒரு மாதம் உயிரைக் கொடுத்துப் புளிக்க வைக்கப் படித்துவிட்டு, புளிக்காததைக் கேட்டு வருகிறவர்களிடம் “இதோ ஆச்சு” என்று சிரிப்பது. மற்றபடி சுகமான தொழில்தான்.