உதவிப் பட்டியல்

தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியம், வின்ஸ்டனுக்கு உதவுவதென்று முடிவெடுத்ததும் முதலில் பட்டியல் போட்டது. ஏழு கிழமைக்கும் ஏழு குடும்பம். பூசை முடிவில் அதை வாசித்துக் கைதட்டலும் வாங்கியாயிற்று. ஒரு நகல் அவர் மனைவி லின்சியின் ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கியது.

வந்தவர்கள் டீ குடித்தார்கள். "எப்பிடி இருந்த மனுசன்" என்று அவர் காதுபடச் சொன்னார்கள். சிறுநீரகம் கெட்டவருக்கு ஆகாத இளநீரைக் கிணத்துக்கடவுத் தோப்பிலிருந்து குலையோடு இறக்கினார்கள். கட்டிலோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

உதவியவள் பட்டியலில் இல்லை. பக்கத்து வீட்டுக் கருப்பாத்தாள், தறி ஓட்டிக் காய்த்த கைக்காரி. லின்சி வேலைக்குப் போகும் பகலில் வின்ஸ்டனின் வயிற்றுக் குழாயில் டயாலிசிஸ் பையை மாற்றுவதற்காக, நர்ஸிடம் மூன்று நாள் நின்று பழகியவள். முகமூடி, ஃபேனை நிறுத்துவது, கடிகாரம் பார்த்துக் கைகழுவுவது, எதிலும் பிசகியதில்லை.

அவள் பழகுவதற்கு முன் ஒருமுறை வயிற்றுக்குள் கிருமி போயிருந்தது. இன்னொரு முறை போனால் குழாயை எடுத்துவிடுவோம் என்றிருந்தார் டாக்டர். பிறகு வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிதான். ஆர்.எஸ்.புரம் பட்டுக்கடையின் அரைநாள் வேலையும் போகும். வின்ஸ்டன் காலையில் சட்டையை இஸ்திரி போடுவதே அந்த வேலைக்காகத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் அன்பியத் தலைவர் மரியஅந்தோணி ஒரு குப்பியோடு வந்தார்.

"செபிச்ச எண்ணெய்ங்க. குழாயைச் சுத்தித் தடவோணும்."

யாரிடமும் மாட்டேனென்று சொல்லத் தெரியாத வின்ஸ்டன் சட்டையைத் தூக்கினார்.

"வேண்டாங்கண்ணா" என்றாள் லின்சி.

"செபிச்ச எண்ணெயில கிருமி வருமுங்களா?"

"எண்ணெயில வராதுங்க, உங்க வெரல்ல வரும்" என்றாள், அடுத்த பையை எடுத்து வைக்க வந்திருந்த கருப்பாத்தாள். "இப்பத்தான பஜ்ஜி தின்னுபோட்டு பேண்ட்ல தொடச்சீங்க?"

"நீ யாரும்மா நடுவால? இது எங்க கோயில் விசயம்."

லின்சி கதவைத் திறந்தாள். "இது எங்க ஊட்டுக்காரர் வயிறுங்கண்ணா. வெளிய போங்க."

அப்போதும் 'ங்க' போட்டதற்காகத் தன்மீதே எரிச்சல் வந்தது அவளுக்கு.

அவர் போனதும் வின்ஸ்டன் முனகினார். "வியாழக்கிழமை வந்தவங்க இந்த எண்ணெயைத் தடவிட்டாங்க, லின்சி. அக்கா உள்ள டீ போட்டுட்டிருந்தாங்க."

லின்சி ஃபேனை நிறுத்தினாள். கருப்பாத்தாள் கைகழுவப் போனாள்.

வயிற்றிலிருந்து பழைய நீர் பைக்குள் வடிய இருபது நிமிடம். வடிந்த பையை அச்சடித்த தாள்மேல் வைத்து எழுத்துத் தெரிகிறதா என்று பார்ப்பது வழக்கம். கலங்கியிருந்தால் கிருமி. பேப்பரைத் தேடப் பொறுமையில்லாமல், லின்சி ஃப்ரிட்ஜிலிருந்து பட்டியலை உருவிப் பைக்கடியில் வைத்தாள்.

மஞ்சள் நீருக்குள் ஏழு குடும்பப் பெயர்களும் எழுத்துக்கெழுத்து தெளிவாகத் தெரிந்தன. லின்சி தாளைக் கிழிக்கப் போனாள்.

"கிழிச்சுப்போடாத அம்மணி" என்றாள் கருப்பாத்தாள். "அடுத்த பைக்கும் வேணும். இப்பத்தான அதுக்கு ஒரு வேலை கெடச்சிருக்குது."