மகனின் ரத்தத்தில் கலந்த தறிப் பொங்கல்

என் வாய் பெரிய வாய். குடியாத்தத்தில் எங்கள் தெருத் தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் என் குரல் தனியாகக் கேட்கும் என்பார்கள். அந்த வாயை வைத்துக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரியில் என் கணவரை நான் திட்டிய திட்டை நினைத்தால் இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்கு உயிரே போய்விட்டது!

கணவரின் அண்ணன் லுங்கி நெய்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தறியிலேயே சாய்ந்து உயிரை விட்டவர். முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அவருடைய கண் இமைகளில் மஞ்சளாகத் தடிப்பு இருக்கும். அதை வைத்து அவரைக் கேலிகூடச் செய்திருக்கிறேன், பாவி.

நானும் கணவரும் நான்கு வயது மகனைச் சளிக்குக் காட்ட வேலூர் போனபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சில குடும்பத்துல ரத்தத்துல கொழுப்பு ஜாஸ்தியா இருக்கும். இமைல மஞ்சளா தடிக்கிறதுகூட அதோட அடையாளம்தான். சின்னக் குழந்தைக்கும் வரலாம், வெளிய தெரியாது. ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் தண்ணியத் தவிர எதுவும் குடுக்காம, புதன்கிழமை காலைல பையனைக் கூட்டிட்டு வாங்க." பிறகு என் கணவரைப் பார்த்து, "உங்களுக்கும் பாக்கணும்" என்றார்.

"எனக்கு இன்னா? கல்லு மாதிரி இருக்கேன்!" என்று இவர் வெளியே நடந்துவிட்டார். அண்ணன் போன விதம் இவருக்குள் பயமாக உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் போனோம். ரத்தம் எடுத்தார்கள். வெகுநேரம் கழித்து டாக்டரம்மா கண்ணாடிக் குழாயோடு வந்தார். உறைந்த ரத்தத்தின் மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர், பால் மாதிரி வெள்ளையாக இருந்தது.

"காலைல என்ன குடுத்தீங்க?"

"சத்தியமா ஒண்ணும் குடுக்கலம்மா! பச்சத் தண்ணிதான்!"

மகனை இழுத்து அணைத்துக்கொண்டேன். பக்கத்தில் கணவர் பிடரியைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"அது வந்து... பொங்கல் கொஞ்சம்..."

எங்கள் வீட்டில் தறிக்குப் புதுப் பாவு நூல் பூட்டினால், நெய் ஒழுகப் பொங்கல் வைத்துத் தறிக்குப் படைப்போம். முதல் கவளம் வீட்டின் கடைக்குட்டிக்கு. அன்று விடியற்காலையில் பாவு பூட்டிப் படைத்தவர், நான் குளிக்கப் போன நேரத்தில் ஊட்டிவிட்டிருக்கிறார்.

"பிரசாதம்மே. அது சாப்பாட்டுல சேருமா?"

"கொஞ்சமா எவ்ளோ?" என்றார் டாக்டரம்மா.

"ரெண்டு தொன்னை. புள்ள கேட்டுச்சு."

"யோவ், இன்னா மனுசன்யா நீ! புள்ளயப் பட்டினி போட்டு இட்டாந்தேன்னு நான் இங்க சத்தியம் பண்றேன், நீ நெய்யா ஊட்டிட்டு நிக்கிறியா?" வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "திட்டாதீங்கம்மா. அவ்ளோ நெய் தின்னா நல்ல ரத்தம்கூட இப்படித் தெரியும். நாளைக்குத் திரும்ப எடுக்கலாம்."

அன்று வேலூரிலேயே என் சித்தி வீட்டில் தங்கினோம். கணவர் மகனை விட்டு ஓரடி நகரவில்லை. மறுநாள் காலையில் சித்தி கோயிலிலிருந்து துளசித் தீர்த்தம் கொண்டுவந்தபோது ஓடிப்போய் மகனின் வாயைப் பொத்தினார்! எனக்கு இட்லி வைத்தார்கள். இவர் பசியில்லை என்றார்.

இந்த முறை குழாயின் மேல்பாதி இளநீர் மாதிரி தெளிந்திருந்தது. "இது பாதி சேதிதான், கொழுப்பு எவ்ளோன்னு அளந்து பாத்துச் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா. உட்கார்ந்தோம். நான் வேண்டாத சாமி இல்லை. மத்தியானம் ஒரு காகிதத்தோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"இந்த வயசுக் குழந்தைக்கு எவ்ளோ இருக்கணுமோ அவ்ளோதான் இருக்கு. பயமே வேணாம்."

"அய்யோ என் ராசா!" என்று நான் கத்திய கத்தலில் ஒரு நர்ஸம்மா ஓடிவந்தார். மகனைத் தூக்கிச் சுற்றினேன், முத்தமாகக் கொடுத்தேன், அழுதேன், சிரித்தேன். "வாங்க, நல்ல ஓட்டல்ல சாப்பிடலாம்" என்று கணவரைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கும் எடுத்துடுங்க டாக்டரம்மா. நேத்து ராத்திரிலேர்ந்து ஒண்ணும் தொடல. பிரசாதம்கூட."

கையை நீட்டினார். என் பெரிய வாய்க்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன்.