வாளியில் கொதித்த எபாக்சி

இதை எழுத ஆறு வருடம் தயங்கினேன். அன்று வடலூரில் மாதப்பூசம். ஜோதி பார்க்கப் போகும் அவசரத்தில், நெய்வேலி குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டிக்குப் பூசும் எபாக்சிப் பிசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் சிறுகச் சிறுகக் கலக்காமல் ஒரே வாளியில் மொத்தமாகக் கலந்து, தொட்டிக்குள் இருந்த கூட்டாளி செல்வத்திடம் இறக்கினேன்.

கால் மணி நேரத்தில், “மாமா, வாளி கொதிக்குதுங்க! பொகையா வருது!” என்று கத்தினான். பிறகு இருமல். பிறகு அதுவும் இல்லை. சாமி பெயரைச் சொல்லிச் சொல்லியே அவன் இடுப்புக் கயிற்றை மேலே இழுத்தேன்.

மூச்சு திரும்பியதும், “போங்க மாமா, பூசத்து பஸ் போயிடப்போவுது” என்றான்.

வேதியியல் படிக்கும் மகள் பிறகு சொன்னாள்: “எபாக்சில மூணு அணு வளையமா நெருக்கிகினு இருக்குதுப்பா. ஹார்டனர் பட்டா வளையம் ஒடைஞ்சி சூடாவும். மொத்தமா கலந்தா அந்த சூடு எங்க போவும்?”

செல்வத்திடமோ, எபாக்சி மருந்தே சரியில்லை என்று பொய் சொல்லியிருந்தேன். பூச்சு வேலை செய்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அவன் காதுக்கும் போகட்டும். என் தப்பை மட்டும் குறைத்துச் சொல்லாதீர்கள்.