மீனுக்குக் கியூடெக்ஸ்

இடது கைப் பெருவிரல் நகத்தில் வெள்ளி நிறக் கியூடெக்ஸை ஒரு பூச்சுப் பூசி, ஊதிக் காயவைத்து, "நானா, ஒரு கிளாஸ் தண்ணி குடுங்க" என்கிறார் முருகையா. குடிப்பதற்கல்ல. விரலைத் தண்ணீருக்குள் விட்டு, கடை வாசல் வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்க்கிறார். பதுளையில் பேன்ஸிக் கடை வைத்திருக்கும் மஹ்ரூப் நானாவுக்கு இது பழகிப்போன கூத்து. "ரொம்ப மினுக்குதுங்க. கொஞ்சம் அழுக்கு வெள்ளியா இருக்கா?" அழுக்கு வெள்ளியில் எந்தப் பெண் நகம் பூசுவாள்? நானா பெருமூச்சு விட்டுக்கொண்டு அடுத்த போத்தலைத் திறக்கிறார்.

முருகையா ஐம்பதைத் தாண்டியவர். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோரில் பகல் வேலை. மிச்ச நேரமெல்லாம் பொய்மீன் செய்வார். முள்முருங்கைக் கட்டையை விரல் நீளத்துக்குச் செதுக்கி, தூண்டில் முள் மாட்டி, நிறம் பூசித் தருவார். மஹியங்கனைப் பக்கத்துக் குளங்களில் விரால் பிடிக்கப் போகிறவர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். பிளாஸ்டிக்கில் மலிவாகக் கிடைக்கிறதே என்று சொன்னால் போதும், மனிதருக்கு மூக்கு விடைத்துவிடும். "அது எந்த ஊரு மீனுங்க? நம்ம வெரால் அதக் கண்ணால கண்டிருக்குமா?"

பதுளை ஓயா ஆற்றில் கூட்டமாக ஓடும் தண்டியா என்கிற பொடிமீன்தான் அவருக்கு மாதிரி. இரண்டைப் பிடித்து ஜாம் போத்தலில் உயிரோடு வைத்துக்கொள்வார். முதுகுக்குப் பாசி நிறம், வயிற்றுக்கு அந்த அழுக்கு வெள்ளி, வால்வரை ஒரு கறுப்புக் கோடு. செதிளுக்கு, வெங்காயம் வருகிற வலைப்பையை இறுக்கிச் சுற்றி, அதன் மேல் பஞ்சால் கியூடெக்ஸை ஒற்றுவார். வலையை உரித்தால், அடடா, துள்ளாததுதான் பாக்கி! வேலை முடிந்ததும் போத்தல் மீன்கள் ஓயாவுக்கே போய்விடும். "சோடியாப் புடிச்சு சோடியாத்தான் விடுவேன்" என்பார்.

இவருடைய சோடி குவைத்தில் இருக்கிறது. மனைவி விஜயலெட்சுமி வீட்டு வேலைக்குப் போய்ப் பல வருடமாயிற்று. ஒரே மகள் பெரகலையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தோட்ட லயத்தின் ஒற்றையறைக் காம்பராவில் பேச்சுத் துணைக்குச் சுவர்தான். மனைவியின் போன் வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று தேய்ந்து, "சாப்டீங்களா, சரி வைக்கிறேன்" என்ற அளவில் வந்து நின்றது. வேலை எக்ரிமெண்டை இன்னும் இரண்டு வருடம் நீட்டப் போவதாகவும் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் பக்கத்துக் காம்பரா இராக்கம்மாவின் கண்ணில் அந்தக் கியூடெக்ஸ் போத்தல்கள் பட்டன. அவர் மீன் செய்வது லயத்துக்கே தெரியும். ஆனால் தூசி ஒட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டல்லவா நிறம் பூசிக் கொடியில் காயவைக்கிறார்! பொம்பளை இல்லாத வீட்டில் இத்தனை கியூடெக்ஸ் எதற்கு? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கதை குவைத் வரைக்கும் போய்விட்டது.

விஜயலெட்சுமி போனில் பிடித்துக்கொண்டாள். "யாருக்கு வாங்கிக் குடுக்குறீங்க?"

"மீனுக்குப் புள்ள."

"ஏன், மீனுக்கு நகம் மொளச்சிருக்கோ? என்னையக் கேனச்சின்னு நெனச்சீங்களா? நான் ஒண்ணும் நீட்டப் போறதில்ல. வாறேன். வந்து ரெண்டு பேரு மூஞ்சியையும் பாக்குறேன்!"

இப்போது தினமும் போன் வருகிறது. சண்டை, அழுகை, சாபம். பாவம், அங்கே ஒருத்தி வயிறெரிகிறாளே என்று, அவரிடம் மீன் வாங்கப் போகிற எனக்கே பொறுக்கவில்லை. போன ஞாயிறு அவர் காம்பராவில் வைத்துச் சத்தம் போட்டேன். "ஏன் முருகையா, கொடியில தொங்குற மீன வீடியோவுல ஒருக்காக் காட்டுனா முடிஞ்சிருமே!"

"முடிஞ்சிருங்க" என்றார். "நம்பிருவா. சரி வைக்கிறேன்னுருவா. அப்புறம் ரெண்டு வருசம் நீட்டிருவா." காயாத மீன் ஒன்றைக் கொடியில் திருப்பிவிட்டார். "திட்டட்டுங்க. வந்து நாலு அடி அடிச்சாலும் அடிக்கட்டும். தனியாக் கெடந்து அலுத்துப் போச்சுங்க எனக்கு."

சொல்லி வாய் மூடவில்லை, போன் அலறியது. வீடியோ அழைப்பு. முருகையா பதறி எழுந்து, தோளில் கிடந்த துண்டை உருவி, பூச்சு ஈரம் காயாமல் தொங்கிய மீன்கள் அத்தனையின் மேலும் போர்த்தினார். கியூடெக்ஸ் போத்தல்களை அள்ளிக் கொண்டுவந்து, தன் முதுகுக்குப் பின்னால், படத்தில் நன்றாக விழும்படி அடுக்கினார். பிறகுதான் போனை எடுத்தார்.