வீட்டுக்காரர் நம்பர்

பெருந்துறையில் மில் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கர்ப்பிணிகளைச் சுகாதாரத் துறையின் செயலியில் பதிவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். என் பதிவில் பிழை இருக்காது என்ற பெருமை உண்டு.

ஒரு பெண்ணுக்கு ரத்த அழுத்தம் கூடியிருந்தது. உடனே மருத்துவமனைக்கு வரச் சொல்லி, பதிவில் இருந்த நம்பருக்கு மூன்று முறை செய்தி போயும் அவள் வரவில்லை. நேரில் போய்க் கேட்டேன்.

“போனு அவருகிட்ட இருக்குதுங்க. மில்லு கேட்டுலயே வாங்கி வெச்சுக்குவாங்க. ஊட்டுக்கு வந்தா அவரு படந்தான் பாப்பாருங்க.”

“அப்புறம் எதுக்குங்க அந்த நம்பரைக் குடுத்தீங்க?”

“ஏனுங்க அம்மணி, நீங்கதான ஊட்டுக்காரர் நம்பரக் கேட்டீங்க?”

ஆமாம். எல்லா வீட்டிலும் அப்படித்தான் கேட்டிருந்தேன். அவளை ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன், அன்றே சேர்த்துக்கொண்டார்கள். வராந்தாவில் உட்கார்ந்து, செயலியில் என் பதிவுகளை முதலிலிருந்து திறந்தேன்.