என் மகளுக்காகச் சொன்ன ஜெபம்

என் கையெழுத்து கோணல், பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

வளிமண்டலத்தையும் கடலையும் பற்றிய முதுகலைப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதி, என் மகள் திருப்பதியில் சீட் வாங்கினாள். எங்கள் சித்தூர் சபையில், மேல்படிப்புக்குப் போகிற பிள்ளைகளை முன்னால் நிறுத்தி ஜெபித்து அனுப்புவது வழக்கம். அன்று நர்சிங் சேர்ந்த ஒரு பெண்ணும் அவளோடு நின்றாள். அந்தப் பெண்ணுக்காகப் போதகர் நன்றி சொன்னார். என் மகள் தலையில் கை வைத்து, "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கும் அடுத்த வருஷம் ஒரு நல்ல படிப்பைக் கொடும்" என்று மைக்கில் கேட்டார். சபையே ஆமென் என்றது.

வெளியே வந்ததும் சபைச் செயலாளர் சிரித்தார். "மழை வரும்னு டிவியிலயே சொல்றானே அண்ணே. அதைப் படிக்க ரெண்டு வருஷமா?"

மகள் தலை குனிந்து, "நான் போகல நைனா" என்றாள்.

சபையில் யாரிடமும் வாய் திறக்காதவன் நான். நேராகப் போதகரிடம் போனேன்.

"ஐயா, சீட் வாங்கிக்கினு நிக்கிறவளுக்கு, ஃபெயிலான பொண்ணுக்குப் பண்ற ஜெபத்தைப் பண்ணிட்டீங்க."

"அடுத்த ஞாயிறு சரி பண்ணிடலாம்."

"அடுத்த ஞாயிறு அவ திருப்பதியில இருப்பா. இப்பவே பண்ணுங்க."

வாசலிலேயே, செருப்புக் காலோடு, நன்றி சொல்லி ஜெபித்தார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை பஸ் ஏறினாள். எனக்குத்தான் ஆறவில்லை. தப்பான ஜெபத்தை மைக்கில் ஊரே கேட்டது. சரியானதைக் கேட்டது போதகரோடு சேர்த்து நாங்கள் மூன்று பேர்தான்.

சித்தூர், 16 செப்டம்பர் 2024.